பரம சாது!

அடுத்த வீட்டு அம்மாளுக்கு இரண்டு குழந்தைகள். இளையவன் பையன், ஒன்பது வயது. அவன் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசுகிறவர்களை முடிக்க விடமாட்டான். "இவனைக் கட்டி மேய்க்க முடியவில்லை, மாமி! பெரியவளைப் பாருங்கள், பரம சாது; இருக்கிற இடமே தெரியாது" என்பாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வரவே, பையனைக் குழந்தை மனநல டாக்டரிடம் காட்டப் புறப்பட்டாள். நானும் துணைக்குப் போனேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூத்தவள் எப்படி?" என்றார்.

"அவளால் தொந்தரவே இல்லை, டாக்டர். ஆனால் படிப்புத்தான் ஏறவில்லை. பேனா, குடை எதுவும் வீடு திரும்பாது. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மக்கு!"

"அவளையும் அழைத்து வாருங்கள்" என்றார் டாக்டர்.

ஹெய்ன்ரிக் ஹாப்மன் என்ற ஜெர்மானிய டாக்டர் தம் மகனுக்காக ஒரு படப் புத்தகம் எழுதினார். 1845-ல் வெளிவந்த அது, பின்னர் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. அதில் ஒரு பையன் நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேஜை விரிப்போடு சாப்பாட்டையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். இன்னொருவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஆற்றில் விழுகிறான். முதல் பையனை ஊரே கவனிக்கும். இரண்டாமவனை, ஆற்றில் விழுந்த பிறகுதான்!

ஏ.டி.எச்.டி. என்று சொல்லும் கவனக் குறைபாடு இப்படி இரண்டு விதமாகவும் வரும். இரண்டும் கலந்தும் வரும். துள்ளாத குழந்தைக்கும் இது உண்டு என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-லேயே தனியாகக் குறித்தது. பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் துள்ளல் குறைவு. கனவு காண்பதும் மறதியும்தான் அதிகம். யாருக்கும் தொந்தரவில்லாததால் யார் கண்ணிலும் படுவதில்லை. திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

இதற்காக, ஜன்னலைப் பார்க்கிற குழந்தையையெல்லாம் நோயாளியாக்கி விடாதீர்கள், சகோதரிகளே! இந்த அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். கண், காது, தூக்கம் இவற்றில் குறையிருந்தாலும் கவனம் சிதறும். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். இது சோம்பலல்ல, வளர்ப்பின் குற்றமுமல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

இரண்டு குழந்தைகளுக்கும் அதே குறைதான் என்று பல நாள் பரிசோதித்த பின் டாக்டர் சொன்னார். இப்போது பெண்ணுக்கு வகுப்பில் முன் பெஞ்சு. ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் சொல்கிறார்கள். நீண்ட பாடத்தைச் சிறு துண்டுகளாக்கித் தருகிறார்கள். பையனுக்கு மட்டும் டாக்டர் மருந்தும் கொடுத்திருக்கிறார்.

நேற்று அந்தப் பெண் என் சமையலறைக்கு வந்தாள். எதற்கு வந்தோம் என்பது வழக்கம் போல் மறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "நான் மக்கு இல்லையாம், மாமி" என்றாள்.

பதினொரு வயதில்தான் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.