கார்டில் இருப்பது ஒன்று, நடப்பது இன்னொன்று

அப்டேட் வந்தால் அதோடு வரும் குறிப்பை முழுசா வாசிக்கிறீங்களா எண்டு கேட்டால் எங்களில் பாதிப் பேர் சிரிப்போம். போன் தன்பாட்டில் அப்டேட் பண்ணும், நாங்கள் நேராக விளையாடப் போய்விடுவோம். வேறு கேம்களுக்கு அது சரிவரலாம். டிஜிட்டல் கார்ட் கேம்களில் அந்தக் குறிப்புத்தான் விதிப்புத்தகம். அதை ஒழுங்காக எழுதாத, எழுதியதை ஓரிடத்தில் சேர்த்து வைக்காத நிறுவனம் எங்களுக்குப் பாதிக் கேமைத்தான் தருகிறது என்பது என் கருத்து.

ஒரு உதாரணம். பிளிஸார்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஹார்த்ஸ்டோனில், 2016 ஏப்ரலில் யோக்-சரோன் என்று ஒரு கார்ட் வந்தது. இந்த ஆட்டத்தில் நீங்கள் எத்தனை மந்திரம் போட்டிருக்கிறீர்களோ, அத்தனை மந்திரங்களை அது எழுந்தமானமாகப் போடும். யார்மேல் விழும் என்பதும் எழுந்தமானம்தான். சரி, போட்டுக்கொண்டு போகும்போது அதில் ஒரு மந்திரம் யோக்-சரோனையே கொன்றுவிட்டால்? கார்டில் அதற்குப் பதில் இல்லை. ஆரம்பத்தில், செத்த பிறகும் மிச்ச மந்திரங்களை எல்லாம் போட்டுத்தான் முடிக்கும். அதே வருடம் ஒக்டோபரில் அதை மாற்றினார்கள். யோக்-சரோன் செத்தாலோ, வேறொன்றாக மாறினாலோ, கைக்குத் திரும்பிப் போனாலோ மந்திரங்கள் அதோடு நின்றுவிடும். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கும் கார்டில் இருந்த வசனத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

மாற்றினதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பெரிய போட்டிகளில் அதிர்ஷ்டம் மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பது நல்லதில்லைதானே. ஏன் மாற்றுகிறோம் என்று அவர்கள் விளக்கமும் எழுதினார்கள். ஆனால் அந்த விளக்கத்தைத் தவறவிட்ட ஒருவர், கொஞ்சக் காலம் விட்டுத் திரும்பி வந்து அதே கார்டை வாசித்தால் அவருக்கு என்ன தெரியும்? ஒண்டும் தெரியாது. விளையாடி, தோற்று, பிறகுதான் விளங்கும்.

எங்கட ஊர் 304ஐ யோசித்துப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11 என்ற கணக்குத் தெரிந்தால் போதாது. வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதனால் புது ஆக்களோடு இருந்தால் கார்டைப் பிரிக்க முதலே, 'நீங்கள் எப்படி விளையாடுறனீங்கள்?' என்று கேட்டு முடிவெடுப்போம். இடையில் பிரச்சினை வந்தால் வாய்ச்சண்டையாவது போடலாம். டிஜிட்டல் கேமில் நடுவர் சேர்வரில் இருக்கிற நிரல். அதோடு சண்டை பிடிக்க ஏலாது, கேள்வியும் கேட்க ஏலாது. அதற்காகப் பேசக்கூடியவர் அதை எழுதிய டெவலப்பர் மட்டும்தான். அவர் பேசாவிட்டால் விதி என்பது ஊகமாகிவிடும்.

1993இல் தொடங்கிய மேஜிக்: த கேதரிங் இதில் நல்ல பாடம். அச்சடித்து விற்ற கார்டை வீடு வீடாகப் போய்த் திருத்த முடியாது. அதனால் முழு விதிகளையும் ஒரே ஆவணமாக எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கார்டின் இப்போதைய சரியான வசனமும் ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. புதுத் தொகுதி வரும்போது குழப்பம் தரக்கூடிய கார்ட்களுக்குத் தனித்தனியாக விளக்கம் எழுதுகிறார்கள். ஹார்த்ஸ்டோனிலோ நுணுக்கமான விதிகளை விளையாட்டுக்காரரே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்து, விக்கியில் தொகுத்தார்கள். அந்த உழைப்பு பெரிய விசயம். ஆனால் அது நிறுவனம் செய்ய வேண்டிய வேலை.

இதில் நேரமும் காசும் இருக்கிறது. 2015 ஒக்டோபரில் வோர்சோங் கொமாண்டர் என்ற கார்டை அடியோடு மாற்றினார்கள். அதை நம்பி இருந்த பலமான டெக் ஒன்று அன்றோடு முடிந்தது. வழமையாக ஒரு கார்டைப் பலவீனமாக்கினால், அதைச் செய்ய எவ்வளவு டஸ்ட் தேவையோ அவ்வளவையும் கொஞ்ச நாளைக்குத் திருப்பித் தருவார்கள். டஸ்ட் என்பது கார்ட் செய்யப் பயன்படும் கேமுக்குள்ளான காசு. ஆனால் வோர்சோங் கொமாண்டர் அப்போது எல்லாருக்கும் சும்மா கிடைத்த அடிப்படைக் கார்ட். அதை டஸ்ட் ஆக்கவே முடியாமல் இருந்தது. ஆக, திரும்பக் கிடைக்க ஒண்டும் இருக்கவில்லை. அந்த டெக்குக்கென்றே டஸ்ட் செலவழித்துச் செய்த மற்றக் கார்ட்களுக்கும் ஒண்டும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது, எப்போதிருந்து மாறுகிறது என்று தெளிவாகச் சொல்வது குறைந்தபட்ச மரியாதை.

'எல்லாத்தையும் கார்டில் எழுதினால் யார் வாசிக்கிறது?' என்று ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. போன் திரையில் நாலு வரிக்கு மேல் போனால் புது ஆக்கள் ஓடிவிடுவார்கள். கண்டுபிடிக்கிற சந்தோசமும் போய்விடும் என்பார்கள். எதிராளி கையில் என்ன கார்ட் இருக்கு என்று தெரியாமல் இருப்பது விளையாட்டு. விதி என்னவென்று தெரியாமல் இருப்பது விளையாட்டு இல்லை. கார்டில் நாலு வரியே இருக்கட்டும், அழுத்தினால் விரிகிற விளக்கம் ஒன்று உள்ளே இருக்கலாமே. ரயட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட லெஜண்ட்ஸ் ஒஃப் ரூனெட்டராவில் ஒரு கண் அடையாளம் இருக்கும். அதைத் தொட்டால், இப்போது எடுக்கும் முடிவால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே காட்டும். நிரலுக்கு விடை தெரியும், அதை விளையாடுகிற ஆளுக்கும் சொல்லலாம் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

எங்களைப் போன்ற ஆக்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்தக் கேம்கள் தமிழில் இல்லை. விளக்கங்கள் ஆங்கிலத்தில், பத்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஆங்கிலம் ஓடுகிற ஆளுக்கு உடனே விளங்கும், மற்ற ஆளுக்கு ஒரு கிழமை பிந்தி யாராவது சொன்னால்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே கேமை விளையாடுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? கார்டிலேயே குறுகிய, நேரான விளக்கம் இருந்தால் அகராதியை வைத்தாவது சமாளிக்கலாம்.

எங்கட பக்கமும் ஒரு கடமை இருக்கு. ஒரு டெவலப்பர் முன்வந்து விளக்கம் சொன்னால், பிடிக்காத பதில் என்பதற்காகக் கெட்ட வார்த்தையால் பேசுவது வேலைக்கு உதவாது. அப்படிப் பேசினால் அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார். கோபத்தைக் கேள்வியாகக் கேளுங்கள்: இந்தக் கார்ட் இந்த நிலைமையில் என்ன செய்யும்? பதிலை எங்கே நிரந்தரமாக எழுதி வைக்கப் போகிறீர்கள்? அடுத்த அப்டேட் வரும்போது அந்தக் குறிப்பையும் ஒருக்கா வாசியுங்கள். வாசித்தும் விளங்கவில்லை என்றால் அதை அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.