ஏறும் விலை யாருக்கு?

வெள்ளத்தால் வரத்து குறைந்தால் நெல் விலை ஏறும், அதுவே விவசாயிக்கு ஈடு என்கிறார்கள். காவிரி டெல்டாவில் இந்த வாதம் நிற்காது. அறுவடை நேரத்தில் தண்ணீர் தேங்கினால் கதிர் சாய்ந்து, மணி வயலிலேயே முளைவிடுகிறது. தப்பிய நெல்லும் ஈரம் குடித்தே களத்துக்கு வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்போ 17 சதவீதம். 2023 பிப்ரவரியில், பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பிறகு, அதை 20 ஆக்கவே மத்திய அரசின் அனுமதி வேண்டியிருந்தது. அதுவரை? சாலையில் கொட்டிக் கிளறி, தார்ப்பாய் போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். கடன்காரர் காத்திருப்பாரா? வியாபாரி கேட்ட விலைக்கே மூட்டைகள் போகின்றன. பிறகு விலை ஏறினால், அது கிடங்கில் இருப்பு வைத்தவருக்குத்தான். குத்தகைக்காரருக்கு அப்போது விற்க நெல்லே இருக்காது. சந்தையைக் காட்டி நிவாரணத்தை மறுக்காதீர்கள். மழை பெய்யும்போதே ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லுங்கள்.