கணுக்காலில் கரண்ட், சிறுநீர்ப்பைக்கு நிம்மதி: உசிலம்பட்டிக்கும் வரட்டும்!

தென்னை மரத்திலிருந்து விழுந்தோ, நான்குவழிச் சாலை விபத்திலோ தண்டுவடம் அடிபட்டால், ‘எப்போ நடப்பார்?’ என்பதுதான் வீட்டாரின் முதல் கேள்வி. ஆனால், உள்ளுக்குள் ஆபத்து சிறுநீர்ப்பையில் இருக்கிறது. மூளையின் கட்டளை சரியாக வந்து சேராததால் பை தானாகச் சுருங்கும். அதன் வாயோ இறுகியே இருக்கும். அழுத்தம் ஏறி, சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

இதற்கு நரம்புத் தூண்டல் ஒரு வழி. 1970-களில் லண்டனில் பிரிண்ட்லி என்ற விஞ்ஞானி, முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு வேர்களைத் தூண்டும் கருவியை உருவாக்கினார். அதற்கு ஆபரேஷன் வேண்டும், செலவும் அதிகம்.

எளிய முறையும் உண்டு. கணுக்கால் அருகே ஓடும் நரம்பும் சிறுநீர்ப்பை நரம்பும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் சேர்கின்றன. காலில் லேசான மின்சாரம் கொடுத்தால், பையின் துடிப்பு அடங்க வாய்ப்புண்டு. ஊசி வழியாக என்றால் வாரம் ஒருமுறை, 30 நிமிடம், 12 வாரம். தோல்மேல் ஒட்டுப்பட்டை வைத்தும் செய்யலாம். வலிக்குப் பயன்படும் டென்ஸ் மெஷினே போதும். எல்லாருக்கும் பலிக்காது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவதையும் பலர் விட முடியாது.

உசிலம்பட்டியிலிருந்து சக்கர நாற்காலியோடு 12 முறை மதுரைக்கு வந்துபோனால், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். எனவே பரிசோதனை மதுரை பெரியாஸ்பத்திரியில் நடக்கட்டும். தூண்டல் உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கட்டும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, டயாலிசிஸ் பையையே வீட்டுக்குக் கொண்டுபோகிறது. கதீட்டரையும் டென்ஸ் மெஷினையும் அதே வழியில் அனுப்புவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை.