புயல் அடித்தாலே ‘கடைசி காலம்’ என்பது ஏன்?

அமெரிக்காவில் பெரிய புயல் ஒன்று அடித்து ஓய்ந்தால் போதும், ‘கடைசி காலம் வந்தாச்சு’ என்ற பேச்சு கிளம்பிவிடும். ஏதோ நாலு பேர் பேச்சு இல்லை இது. 2014-ல் பிஆர்ஆர்ஐ வெளியிட்ட சர்வேயில், வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 77% பேர், பேரிடர்கள் கடுமையாவது பைபிள் சொல்லும் கடைசி காலத்தின் அடையாளம் என்றார்கள். பருவநிலை மாற்றத்தைச் சொன்னவர்கள் 49%. கூட்டினால் 100-ஐத் தாண்டுதே? ஆமாம், இரண்டையுமே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதன் வேர் மத்தேயு 24-ம் அதிகாரம். இயேசுவின் வருகைக்கு முன் பஞ்சம், நிலநடுக்கம் எல்லாம் வரும் என்கிறது அது. அந்த நாள் யாருக்கும் தெரியாது என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கு. அதை யாரும் ஷேர் செய்வதில்லை!

சரி, நம்பினால் என்ன சிக்கல்? உலகமே முடியப்போகுது என்றால், 2100-ஐ நினைத்து இன்றைக்கு ஏன் செலவு செய்யணும்? அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் பார்க்கரும் பியர்ஸும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: இரண்டாம் வருகையை நம்புவோரிடம் பருவநிலை நடவடிக்கைகளுக்கு ஆதரவு குறைவு.

அதற்காக, இவர்கள் கைகட்டி நிற்பவர்கள் என்று நினைத்தால் தப்பு. 2024-ல் ஹெலீன் புயல் வட கரோலினாவைப் புரட்டிப்போட்டபோது, நிவாரணத்தில் இறங்கிய அமைப்புகளில் ஒன்று சமாரிட்டன்ஸ் பர்ஸ். அது இவாஞ்சலிக்கல் அமைப்பு. தலைமையகமும் அதே மாநிலத்தில்தான்.