வில்லனாக்கினார்கள், வேலை கொடுக்கவில்லை

2025 மார்ச் 1, டொராண்டோ. டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த மேடையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நல்லவராகவே வலம்வந்த ஜான் சீனா, சக வீரர் தி ராக் காட்டிய சைகையில் கோடி ரோட்ஸை அடித்து வீழ்த்தியபோது அரங்கமே அதிர்ந்தது. ஆனால் ஏப்ரல் 20 ரெசில்மேனியா நிகழ்ச்சியில் சீனாவும் கோடியும் மோதியபோது, அந்தச் சதியின் சூத்திரதாரி ராக் எட்டியே பார்க்கவில்லை. ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் குறுக்கே புகுந்து குழப்ப, சீனா 17ஆவது உலகப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். விதைத்தவரே அறுப்புக்கு வராவிட்டால் வயல் என்னாகும்? ஓய்வுக்கு முந்தைய கடைசி ஆண்டில் சீனாவிடம் ஆட்டத் தேதிகள் குறைவாகவே இருந்தன என்று டபிள்யூடபிள்யூஇ-க்குப் பரிந்து பேசுகிறார்கள். குறைவென்றால்தானே எண்ணிச் செலவழித்திருக்க வேண்டும்? சம்மர்ஸ்லாம் மோதலுக்கு இரண்டே நாள் முன்பு அவரை அவசரமாகத் திருத்தினார்கள். கோடியுடனான அந்த ஆட்டம் அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கைதட்டல் வாங்கியது பழைய சீனா. ஐந்து மாத வில்லன் எதற்காக வந்தார் என்பதற்கு யாரும் விடை எழுதவில்லை.