துண்டு வெட்டின பிறகு

மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட பெடியனை எங்கட அரச ஆஸ்பத்திரி காசு வாங்காமல் காப்பாற்றிவிடும். பிறகு துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவினம். செலவு தொடங்குவது அங்கேதான்.

கை விறைச்சிருக்கும், பேச்சுக் குழறும். சிலபேர் பார்வைக்கு நல்ல சுகம். ஆனால் காலமை சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இராது, சின்ன விஷயத்துக்கும் கத்துவினம். ஊர் அதைத் திமிர் எண்டு சொல்லும். அது மூளைக் காயத்தின் வேலை என்று வீட்டாருக்கே விளங்கப்படுத்த ஆளில்லை. ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஓட்டோக் காசு, கூடப் போறவரின் நாட்கூலி. நாலு தரம் போவினம், பிறகு விட்டுவிடுவினம். அவர்களில் நாங்கள் பிழை சொல்லமாட்டோம்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு மருத்துவமாது தேடி வாறா. (அவவின்ர ஸ்கூட்டிச் சத்தம் ஊருக்கே தெரியும்.) 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியில் வந்த ஏற்பாடு அது. அதே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரும் இருக்கட்டும் என்கிறோம். மாதம் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து, ஒற்றைக் கையால் பொத்தான் போடவும், செய்யவேண்டியதைக் கொப்பியில் எழுதி வைக்கவும் பழக்கட்டும். அதுக்கு மெஷின் தேவையில்லை. சம்பளமும் பெற்றோலும்தான் வேணும். மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.