வேலிக்கு அப்பாலும் ஓர் உயிர்

"என் நிலம், என் விருப்பம், இதில் அடுத்த வீட்டாருக்கு என்ன வேலை?" என்று கேட்போர் எல்லா ஊர்களிலும் உண்டு. வேலியோரத்து முருங்கை மரத்துக்காக எழும் இக்கேள்வி, துப்பாக்கி ஏந்திய ஒருவரின் வாயிலிருந்து எழுந்தால் நாம் என்ன விடை சொல்வோம்? அமெரிக்க மாநிலங்கள் பல இதற்குச் சட்டத்தின் மூலம் விடை கூறியிருக்கின்றன. அதைச் சற்றுச் சிந்திப்போம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அமெரிக்காவில் அப்படியன்று. இலையுதிர் காலம் வந்துவிட்டால் மான் வேட்டைக்கு அரசே உரிமம் வழங்குகிறது. குடும்பத்தோடு வேட்டைக்குச் செல்வது பல ஊர்களில் தலைமுறை வழக்கம். ஆனால் அந்த ஊர்களில் காடும் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே, வீட்டாரின் அனுமதியின்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் சுடக் கூடாது என்று சட்டம் எல்லை வகுத்துள்ளது. துப்பாக்கிக்கு அத்தூரம் பென்சில்வேனியாவில் 150 கஜம், நியூயார்க் மாநிலத்தில் 500 அடி, மெயின் மாநிலத்தில் 100 கஜம்.

இச்சட்டங்களில் நம் மனத்தைக் கவர்வது ஒன்று உண்டு. எல்லையை நிலத்தின் வேலியிலிருந்து அளப்பதில்லை. மனிதர் வாழும் வீட்டிலிருந்து அளக்கிறார்கள். தன் சொந்த மண்ணில் நிற்பவரும், அண்டை வீடு அருகிலிருந்தால், அவ்வீட்டாரைக் கேட்டே ஆகவேண்டும். சொத்துரிமை பெரிதுதான், அதைவிட உயிர் பெரிது என்பதே இதன் பொருள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். நகரத்தை ஒட்டிய பகுதிகளில் மான்கள் பெருகி, தோட்டங்களை மேய்கின்றன. சாலையில் குறுக்கே பாய்ந்து விபத்துகளுக்குக் காரணமாகின்றன. எங்கு பார்த்தாலும் வீடுகள் இருக்க, இத்தனை அடி விலகி நில் என்றால் வேட்டைக்கு இடமேது என்கிறார்கள். இதற்கு இணங்கி, நியூஜெர்சி 2010-ஆம் ஆண்டிலும், நியூயார்க் 2014-ஆம் ஆண்டிலும் வில் வேட்டைக்கான தூரத்தை 150 அடியாகக் குறைத்தன. அம்பு குண்டைப்போல் நெடுந்தூரம் பாயாது என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் வில்லுக்கு 50 கஜம் போதும். ஆனால் பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல், குழந்தைகள் காப்பகம் என்றால் வில்லுக்கும் 150 கஜமே. பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்குச் சட்டம் தனிக் கவனம் தந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் தூரம் மட்டும் போதுமா? 100 கஜம் என்பது நம் விளையாட்டு விழாவின் 100 மீட்டர் ஓட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. துப்பாக்கிக் குண்டோ ஒரு மைலுக்கு மேலும் பாயக்கூடியது. 1988-ஆம் ஆண்டு நவம்பரில் மெயின் மாநிலத்தில் ஓர் இளந்தாய் தன் வீட்டின் பின்புறம் நின்றபோது வேட்டைக்காரர் ஒருவரின் குண்டுக்குப் பலியானார். அவர் கைகளில் அணிந்திருந்த வெண்ணிறக் கையுறைகளே மானின் வெள்ளை வாலாகத் தவறாகக் கொள்ளப்பட்டன என்று பேசப்பட்டது. சுட்டவர்மீது வழக்கு நடந்தது. 1990-இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி அல்லர் என்று விடுவித்தது.

நம் நெஞ்சைச் சுடுவது அத்தீர்ப்பு மட்டுமன்று. "வேட்டைக் காலத்தில் அவள் ஏன் வெள்ளைக் கையுறை அணிந்தாள்? கண்ணில் படும் நிறத்தில் ஏன் உடுத்தவில்லை?" என்று ஊராரில் பலர் இறந்தவரையே குறை கூறினார்கள். மாணவியராகிய நமக்கு இது புதிய கேள்வியா? துன்பம் செய்தவரை விட்டுவிட்டு, துன்பப்பட்டவள் என்ன உடுத்தினாள், ஏன் அங்கே நின்றாள் என்று கேட்கும் வழக்கத்தை நாமும் அறிவோமே! தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் பெண்ணா எச்சரிக்கையாக இருக்கவேண்டும்? ஆயுதம் தாங்கியவரல்லவா எச்சரிக்கையாக இருக்கவேண்டும்?

மெயின் மாநிலமே பின்னர் இதை உணர்ந்தது. வேட்டையாடுபவர் இலக்கின் தலையையும் உடலையும் தடையின்றித் தெளிவாகக் கண்ட பின்னரே சுடவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அசைவையோ நிறத்தையோ ஒலியையோ நம்பிச் சுடுவது போதாது என்றாயிற்று. ஓர் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடம் இது.

ஆகவே நம் கருத்து இதுதான். வீட்டைச் சுற்றி எல்லை வேண்டும். அதைக் குறைப்பதானால், பள்ளிக்கும் திடலுக்கும் குறைக்காமல் குறைக்கட்டும். அண்டை வீட்டாரிடம் அனுமதி கேட்பதை அவமானமாக எவரும் எண்ணவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டப் புத்தகத்தில் எத்தனை அடி எழுதினாலும், விரல் அசையுமுன் கண் பார்க்கவேண்டும். கண் பார்க்குமுன் மனம் நினைக்கவேண்டும்.

துப்பாக்கி நம் கையில் இல்லை. ஆனால் வாகனம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, நெருப்பு உண்டு, நாவும் உண்டு. "என் இடம், என் உரிமை" என்று சொல்லத் தோன்றும் நேரத்தில், வேலிக்கு அப்பால் ஓர் உயிர் நிற்கிறது என்பதை நினைவில் கொள்வோம்.